தொழில் சந்திப்புகளுக்கு நாம் ஏன் போவதில்லை?

அண்மையில் தென்மாவட்ட நகர் ஒன்றில் சிறுதொழில் செய்வோருக்கான சந்திப்புக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. திருமண மண்டபம் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருநூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எழுபது பேர் இருக்கலாம். இடைவேளையில் வெளியே வந்தபோது, சாலையின் மறுபுறம் ஒரு சிறிய லேத் பட்டறை கண்ணில் பட்டது. அதன் உரிமையாளர் வாசலில் நின்று மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வரலையா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்கு உள்ளது சார். நாம போயி அங்க என்ன பேச? சாயங்காலத்துக்குள்ள ஒரு வேலைய முடிச்சுக் கொடுக்கணும்" என்றார்.

பேச்சு வளர்ந்தது. இருபது ஆண்டுகளாகப் பட்டறை நடத்துகிறார். அவருக்கு ஒரே ஒரு பெரிய கம்பெனிதான் வாடிக்கையாளர். அந்தக் கம்பெனி நான்கு மாதப் பில் பணத்தைத் தரவில்லை. கேட்கவில்லையா என்றேன். "கேட்டா அடுத்த ஆர்டர் வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்பு வாசகர்களே, அந்த ஒற்றை வரியைத்தான் இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். அவருக்கு வரவேண்டிய பணத்திற்கும், சாலைக்கு எதிர்ப்புறம் நடந்த கூட்டத்திற்கும் தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பு அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கூட்டத்தை நடத்தியவர்களுக்கும் அது சரியாகத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் 2006-ஆம் ஆண்டு வந்தது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்களிலும், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களிலும் பணம் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இச்சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். பணம் வராதவர்கள் இணையம் வழியே முறையிட 'சமாதான்' என்னும் தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. இதற்கு மேலும் ஒரு பிடி போட்டார்கள். 2024 ஏப்ரல் 1 முதல், இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. பணத்தை எப்போது கொடுக்கிறதோ அந்த ஆண்டில்தான் காட்ட முடியும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அந்தப் பட்டறைக்காரருக்குப் பணம் வரவில்லை. ஏன்? முதல் காரணம், அவர் 'உத்யம்' பதிவே செய்யவில்லை. 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், பான் எண் இருந்தால் இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம். இதைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லை. இரண்டாவது காரணம்தான் பெரியது. பதிவு செய்தாலும் அவர் முறையிடப் போவதில்லை. இருக்கிற ஒரே வாடிக்கையாளர்மீது புகார் கொடுப்பது, ஏறி உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவதற்குச் சமம் என்பது அவருக்குத் தெரியும். 2024-இல் புதிய விதி வந்த வேளையில், 'உங்கள் பதிவை ரத்து செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாங்குபவர்கள் சிறுதொழிலாளரை வற்புறுத்துவதாகப் பல ஊர்களிலிருந்து செய்திகள் வந்தன. அதற்கு இசைந்தவர்கள் அறியாமையால் இசையவில்லை. அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆக, உரிமையைக் கேட்பதற்கு முன்னால் ஒருவருக்கு இன்னொரு வாடிக்கையாளர் வேண்டும். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் குரல் இன்னும் நிமிரும். அந்த இரண்டாமவரும் மூன்றாமவரும் எங்கிருந்து வருவார்கள்? விளம்பரத்தால் வருவது குறைவு. பெரும்பாலும் ஆள் வழியாகத்தான் வருகிறார்கள். "நல்லா கடைசல் போடுற ஆள் யாராவது இருக்காங்களா?" என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்கும்போது, நம் பெயரைச் சொல்ல அந்த இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் அருகிலுள்ள நியூட்டன் பகுதியில், அண்மையில் வேலை மாறியவர்களைச் சந்தித்து, அந்த வேலையைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே அடிக்கடி பார்ப்பவர் என்றனர். எப்போதாவது பார்ப்பவர் என்றோர் 55.6 விழுக்காடு. அரிதாகப் பார்ப்பவர் என்றோர் 27.8 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்கு நம்மீது அன்பு அதிகம். ஆனால் நமக்குத் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்கிற மனிதரோ வேறு வட்டத்தில் பழகுகிறார், வேறு செய்தி கொண்டுவருகிறார். தொழிலிலும் இப்படித்தான். தினமும் டீக்கடையில் பார்க்கும் நால்வரிடமிருந்து புது ஆர்டர் வருவதில்லை.

நம் மண்ணில் வணிகர்கள் கூடுவது புதிய பழக்கம் அல்ல. கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேணாட்டு ஆட்சியாளர் அங்கிருந்த கிறிஸ்தவக் கோவிலுக்கு அளித்த உரிமைகளைக் கூறும் அந்த ஏட்டில், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் இரு வணிகக் குழுக்கள் இடம்பெறுகின்றன. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பாரசீகப் பாஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் இருக்கின்றன. வெவ்வேறு சமயத்தவர், வெவ்வேறு மொழியினர் ஒரே ஏட்டில் ஒப்பமிட்டார்கள் என்றால், அதற்கு முன் எத்தனை முறை ஓரிடத்தில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்!

பிற்காலத்தில் விருதுநகர், சிவகாசிப் பக்கம் நாடார் சமூகத்தார் 'மகமை' என்ற பெயரில் வணிகத்திலிருந்து ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு எடுத்துவைத்தார்கள். உறவின்முறை கூடிப் பேசியது. அந்த நிதியிலிருந்து பள்ளிகள் எழுந்தன. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1962 முதல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்ததை அந்த ஊரில் எல்லாரும் அறிவார்கள். ஒருவர் கற்றுவந்தது ஊருக்கே தொழிலானது என்றால், கற்றதைச் சொல்லவும் கேட்கவும் அங்கே ஏற்பாடு இருந்தது என்று பொருள்.

இதைப் பாராட்டும்போதே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்த வலைப்பின்னல்கள் எல்லாம் பிறப்பால் வாய்த்தவை. மாமா நூல் கடை வைத்திருப்பார், சித்தப்பா லாரி செட் நடத்துவார், அத்தை மகன் ஆடிட்டர். அந்தப் பிள்ளை தொழில் தொடங்கும்போது கூட்டத்திற்குப் போகவேண்டிய தேவையே இல்லை. அவருடைய குடும்பத் திருமணங்களே தொழில் சந்திப்புகள்தான். ஆனால் அப்பா கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாக ஒரு ஜிஎஸ்டி எண் வாங்கியவர், தலித் சமூகத்திலிருந்து வந்து வெல்டிங் பட்டறை வைத்தவர், மீனவர் குடியிருப்பில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் பெண் ஆகியோருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பொதுவான தொழில் சந்திப்பு உண்மையில் இவர்களுக்காகத்தான் தேவைப்படுகிறது. ஆனால் இவர்கள்தாம் வருவதில்லை. உறவில் ஏற்கெனவே எல்லாம் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கூட்டத்திற்குப் போனால் மட்டும் என்ன கிடைத்துவிடும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குச் சீனாவிலிருந்து ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஜிங் சாய், ஆடம் சைடல் என்னும் இரு பொருளியலறிஞர்கள் நான்சாங் நகரில் 2,820 இளம் நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் சிலவற்றைச் சிறு குழுக்களாகப் பிரித்து, உரிமையாளர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும்படி ஓராண்டு ஏற்பாடு செய்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, கூடிப் பேசிய நிறுவனங்களின் விற்பனை வரவு மற்றவற்றைவிட 8.1 விழுக்காடு கூடியிருந்தது. இலாபமும், தொழில் கூட்டாளிகளின் எண்ணிக்கையும், கடன் பெறும் திறனும் உயர்ந்தன. கூட்டங்கள் நின்று ஓராண்டு கழிந்த பின்னும் அந்தப் பயன் மறையவில்லை.

அந்த ஆய்வில் இன்னும் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். ஒருமுறை மட்டும் கூடிக் கலைந்த கூட்டங்களைவிட, அதே ஆள்கள் மாதாமாதம் சந்தித்த கூட்டங்களில்தான் புதிய வணிக உறவுகள் அதிகம் உருவாயின. அடுத்தது, ஒரே தொழிலில் போட்டியாளர்களாக இல்லாதவர்கள்தாம் ஒருவருக்கொருவர் செய்திகளை மனம்விட்டுப் பகிர்ந்துகொண்டார்கள். பத்து லேத் பட்டறைக்காரர்கள் கூடுவதைவிட, ஒரு லேத், ஒரு அச்சகம், ஒரு பேக்கரி, ஒரு பம்பு மெக்கானிக் என்று கூடுவது நல்லது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் தொடங்கிய ரோட்டரி சங்கமும் தொடக்கத்தில் வெவ்வேறு தொழிலினரை ஒன்றுசேர்ப்பதாகவே இருந்தது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது.

சரி, நம் ஊர்க் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? நான் போயிருந்த கூட்டத்தையே சொல்கிறேன். பத்து மணி என்று அழைப்பிதழில் இருந்தது. பதினொன்றே கால் மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேடையில் பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவரைப் பற்றியும் அறிமுகவுரை. வங்கி அதிகாரி ஒருவர் திரையில் அறுபது படங்கள் காட்டினார். கீழே உட்கார்ந்திருந்த எழுபது பேரில் ஒருவர் பெயரும் யாருக்கும் சொல்லப்படவில்லை. தேநீருக்குப் பதினைந்து நிமிடம் விட்டார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில், போண்டா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு அட்டைப்பெட்டித் தயாரிப்பாளரும் கடலைமிட்டாய் செய்பவரும் பேசிக்கொண்டதுதான் அன்று நடந்த உண்மையான சந்திப்பு. பட்டறைக்காரர் 'பெரிய ஆளுங்களுக்கு உள்ளது' என்று சொன்னதில் தவறில்லை. மேடை அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கின்றன. அவற்றின் வழியே தொழில் கற்ற பெண்கள் ஊறுகாயிலிருந்து சணல் பை வரை செய்கிறார்கள். ஆனால் தொழில் சந்திப்பை மாலை ஆறரை மணிக்கு, பேருந்து நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓட்டலில் வைத்தால் அவர்கள் எப்படி வருவார்கள்? இரவு ஒன்பதரைக்குத் திரும்பினால் வீட்டில் என்ன கேள்வி வரும்? நுழைவுக் கட்டணம் ஆயிரம் ரூபாய் என்றால், அது அவர்களுக்கு ஒரு வார மூலப்பொருள். பகல் பதினொரு மணிக்கு, பள்ளிக்கூட அரங்கிலோ ஊராட்சி மண்டபத்திலோ நடத்தினால் யாருக்கும் நட்டமில்லை. பள்ளி, சமூகக் கூடம், ஆலய வளாகம் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளவர்கள் மாதம் ஒரு முற்பகலுக்கு இடம் கொடுக்கலாம். எந்தச் சமயத்தவரும் தயங்காமல் வரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

அரசு வாங்கும் பொருள்களின் பக்கமும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது. இதில் அந்த 4 விழுக்காடு பல ஆண்டுகள் எட்டப்படவே இல்லை. பொதுத்துறை நிறுவனங்கள் தங்களுக்கு என்னென்ன உதிரிப்பாகங்கள் வேண்டும் என்று நேரில் காட்டும் விற்பனையாளர் மேம்பாட்டு நிகழ்ச்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் தேதி தெரியும். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகளும் உயர்ந்திருக்கின்றன. இயந்திரம் முதலியவற்றில் இரண்டரைக் கோடி ரூபாய் வரை முதலீடும், 10 கோடி வரை ஆண்டு விற்பனையும் உள்ள நிறுவனம் குறு நிறுவனம்தான். 'நாம் அந்த வகையில் வரமாட்டோம்' என்று எண்ணிக்கொண்டிருக்கும் பலர் வருவார்கள். வெறும் வாங்கி விற்கும் வணிகர்களுக்கு மட்டும், பதிவு செய்தாலும் மேலே சொன்ன 45 நாள் பாதுகாப்பு கிடையாது. வங்கிக் கடனில் முன்னுரிமை உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள்.

கூட்டங்களில் எச்சரிக்கையும் தேவை. ஒரே தொழில் செய்வோர் கூடினால் பேச்சு விலையை ஏற்றும் சதியில் முடியும் என்று 1776-லேயே ஆடம் ஸ்மித் எச்சரித்திருக்கிறார். சேர்ந்து விலை நிர்ணயிப்பது நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இன்னொரு தொல்லையும் உண்டு. 'சார், ஒரு அருமையான வாய்ப்பு' என்று தோளில் கைபோட்டு, ஆள் சேர்த்தால் பணம் என்று பேசுகிற ஒருவர் இல்லாத கூட்டமே இல்லை எனலாம். பணச் சுழற்சித் திட்டங்கள் 1978 முதலே சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. அவரிடம் டீயை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

முதன்முறை போகிறவர்களுக்குக் கூச்சம் இருக்கும். இங்கிலீஷ் பேச வராதே, நல்ல சட்டை இல்லையே, கார்டு அடிக்கவில்லையே என்று தயக்கம் வரும். இவை எதுவும் தடையில்லை. என்ன செய்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால் போதும். 'பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுக்கிறேன், பத்து பீஸ் என்றாலும் எடுத்துக்குவேன்' என்பது தெளிவான அறிமுகம். அதன்பின் நம் பொருளை விற்க முயல்வதைவிட, எதிரில் இருப்பவருக்கு என்ன தேவைப்படுகிறது என்று கேட்பது நல்லது. அட்டைப்பெட்டி வேண்டும் என்கிறாரா? நமக்குத் தெரிந்த அட்டைப்பெட்டிக்காரர் பெயரைச் சொல்லலாம். அதில் நமக்குக் காசு வராது. ஆனால் சொன்னவரை இருவருமே மறக்கமாட்டார்கள். உறவினருக்கு அருகிலேயே உட்கார்ந்து, உறவினருடனேயே சாப்பிட்டுத் திரும்புவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. புதியவர் இருவரிடம் பேசிவிட்டு, இரண்டு நாள்களுக்குள் ஒரு போன் செய்துவிட்டால் போதும். முதல் கூட்டத்தில் ஆர்டர் கிடைக்கவில்லை என்று நின்றுவிடாமல் நான்கைந்து மாதம் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். பழகாத ஆளை நம்பி யாரும் வேலை கொடுப்பதில்லை.

அன்று மாலை கூட்டம் முடிந்து திரும்பும்போது மறுபடியும் அந்தப் பட்டறைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். உள்ளே சந்தித்த பம்பு செட் பழுதுபார்ப்பவர் ஒருவர், சிறிய அளவில் ஷாஃப்ட் கடைந்து தர ஆள் இல்லாமல் ஐம்பது கிலோமீட்டர் போய்வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் எண்ணை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"இவரு எங்க இருக்காரு?"

"எதிர்த்த மண்டபத்துலதான் மூணு மணி நேரமா உட்கார்ந்திருந்தார்."

சிரித்தார். எண்ணை லேத்துக்குப் பின்னால் சுவரில் சாக்பீசால் எழுதினார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்றேன். அதைப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.